பெரிய எழுத்தா, சின்ன எழுத்தா? செட்டிநாட்டுப் பெயர்களோடு ஆங்கிலம் எழுதப் பழகுவோருக்கு

தமிழில் காரைக்குடி என்று எழுதினாலும் காரைச்சுவர் என்று எழுதினாலும் 'கா' ஒரே அளவுதான். முன்னது ஊர், பின்னது சுவர் என்பதைப் படிப்பவர் தாமே புரிந்துகொள்கிறார். ஆங்கிலத்தில் அந்த வேலையில் பாதியை எழுத்தே செய்துவிடுகிறது. வாக்கியத்தின் நடுவில் ஒரு சொல் பெரிய எழுத்தில் தொடங்கினால், அது ஒருவருக்கோ ஓர் இடத்துக்கோ சொந்தமான பெயர் என்று அர்த்தம். நம் மொழியில் இந்தப் பழக்கமே இல்லாததால், ஸ்பெல்லிங்கில் ஒரு பிழையும் விடாதவர்கள்கூட இங்கே தடுமாறுகிறார்கள்.

இந்தக் கட்டுரையில் ஆங்கில எழுத்துகளை வகுப்பில் சொல்வதுபோல 'பெரிய கே', 'சின்ன கே' என்றே சொல்லிப் போகிறோம். பக்கத்தில் ஒரு நாலு கோடு நோட்டும் பென்சிலும் வைத்துக்கொண்டு, வருகிற சொற்களை ஆங்கிலத்தில் எழுதிப் பார்த்தபடியே படியுங்கள். கண்ணால் மட்டும் படித்தால் இது கையில் ஏறாது.

முதலில் அளவு

நாலு கோட்டில் முதல் கோட்டில் தொடங்கி மூன்றாம் கோட்டில் முடிவது பெரிய எழுத்து. அச்செழுத்தாக எழுதும்போது, க்யூவின் வாலைத் தவிர, எந்தப் பெரிய எழுத்தும் மூன்றாம் கோட்டுக்குக் கீழே இறங்காது. சின்ன எழுத்துகளில் ஏ, சி, இ, எம், என், ஓ போன்றவை இரண்டாம் மூன்றாம் கோடுகளுக்கு நடுவே அடங்கும். எச், கே, எல் போன்றவை முதல் கோட்டைத் தொடும். ஜி, ஜே, க்யூ, ஒய் போன்றவை நாலாம் கோடு வரை தொங்கும்.

இதில் கவனம் வேண்டிய எழுத்துகள் எட்டு: சி, ஓ, எஸ், யு, வி, டபிள்யூ, எக்ஸ், இசட். இவற்றுக்குப் பெரியதும் சின்னதும் ஒரே உருவம். அளவு மட்டுமே வேறு. கோடு இல்லாத வெள்ளைத்தாளில் எழுதும்போது அளவு தவறினால் எது என்று யாருக்கும் தெரியாது. செட்டிநாட்டில் இது சின்ன விஷயம் இல்லை. சிதம்பரம், சொக்கலிங்கம், சுப்பையா, சிகப்பி, உமையாள், உண்ணாமலை, வள்ளியம்மை, விசாலாட்சி என்று வீட்டுக்கு வீடு புழங்கும் பெயர்களில் பல இந்த எட்டில்தான் தொடங்குகின்றன. செட்டிநாடு, சிவகங்கை என்ற இடப்பெயர்களும் அப்படியே.

சரியாக எழுதினீர்களா என்று பார்க்க அளவுகோல் வேண்டாம், பக்கத்து எழுத்தே போதும். செட்டிநாடு என்று ஆங்கிலத்தில் எழுதினால் முதலில் சி, அடுத்து எச். அந்த எச் எவ்வளவு உயரமோ அவ்வளவு உயரம் சி இருக்க வேண்டும். எச்சின் இடுப்போடு சி நின்றுவிட்டால் அது சின்ன சி. வள்ளியம்மையில் வியை அடுத்து ஏ, பிறகு இரண்டு எல். வியின் தலை அந்த எல்களின் தலையோடு சமமாக நிற்க வேண்டும். உமையாளில் முதலெழுத்தான யு, கடைசியில் நிற்கும் எல்லுக்குச் சமம். பெயரில் உயரமான சின்ன எழுத்து எதுவும் இல்லையென்றால், முதலெழுத்தை மற்றவற்றைப்போல் இரண்டு மடங்கு உயரமாக எழுதுங்கள்.

கேயும் பழனியப்பனின் பியும் வேறு வகை. பெரிய கேயில் இரண்டு கைகளும் மேல்கோட்டையும் கீழ்கோட்டையும் தொடும். சின்ன கேயில் மேல்கை இரண்டாம் கோட்டோடு நிற்கும். பள்ளத்தூர், புதுவயல், பிள்ளையார்பட்டி எழுதும்போது பெரிய பி மூன்றாம் கோட்டின்மேல் உட்கார வேண்டும். தண்டு அதற்குக் கீழே இறங்கினால் சின்னதாகிவிடும்.

ஒரே கேள்வி: இது பெயரா, வகையா?

விதிகளைப் பட்டியலாக மனப்பாடம் செய்தவர்கள் பரீட்சையோடு மறந்துவிடுகிறார்கள். ஒரு கேள்வியைப் பழகிக்கொண்டால் முக்கால்வாசி இடங்களில் அதுவே கைகொடுக்கும்: இந்தச் சொல் ஒன்றே ஒன்றுக்கு உரிய பெயரா, அல்லது பலவற்றுக்கும் பொருந்தும் வகையா? பெயர் என்றால் பெரிய எழுத்து. வகை என்றால் சின்ன எழுத்து.

ஒரு செட்டிநாட்டு வீட்டுக்குள் நடந்தாலே பயிற்சி முடிந்துவிடும். தூண்கள் பர்மா டீக். பர்மா ஒரு நாட்டின் பெயர், பெரிய எழுத்து. டீக் என்பது தேக்கு மரவகை, சின்ன எழுத்து. தரையில் இத்தாலியன் மார்பிள்: இத்தாலியனுக்குப் பெரிய ஐ, மார்பிளுக்குச் சின்ன எம். சுவரில் பெல்ஜியன் மிரர்: நாட்டிலிருந்து வந்த முதல் சொல் மட்டும் பெரிது. பின்கட்டில் ஆத்தங்குடி டைல்ஸ் என்றால் ஆத்தங்குடியின் ஏ பெரிது, டைல்ஸ் சின்னது. சமையலறையில் செட்டிநாட் சிக்கன் என்றால் முதல் சி பெரிது, இரண்டாவது சி சின்னது. இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் நிற்பதால் உயர வித்தியாசம் நன்றாகத் தெரியும்படி எழுதுங்கள். குழிப்பணியாரமும் கவுனி அரிசியும் உணவு வகைகள். வாக்கிய நடுவில் அவற்றுக்குச் சின்ன எழுத்தே. நமக்கு எவ்வளவு பெருமையான பண்டமானாலும் பெருமைக்காக எழுத்து பெருப்பதில்லை.

இந்தக் கேள்வி எவ்வளவு முக்கியம் என்பது காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் உள்ள பழம்பொருள் கடைகளுக்குச் சீட்டு எழுதிப் பார்த்தால் புரியும். சைனா பிளேட் என்பதில் சியைச் சின்னதாக எழுதினால் பீங்கான் தட்டு. பெரிதாக எழுதினால் சீன நாட்டுத் தட்டு. ஜப்பானில் செய்த பீங்கான் தட்டுக்குப் பெரிய சி போட்டுச் சீட்டு ஒட்டினால், வாங்குகிறவருக்குத் தவறான ஊரைச் சொன்னதாக ஆகும். ஸ்வீடிஷ் எனாமல் என்பதில் எஸ் மட்டும் பெரிது.

இடப்பெயரோடு ஒட்டிக்கொண்டு வரும் பொதுச்சொல்லும் பெயரின் பகுதியாகிவிடும். செக்காலை ரோடு என்று முழுப்பெயராக எழுதினால் எஸ், ஆர் இரண்டும் பெரிது. அடுத்த வரியில் 'அந்த ரோடு' என்று மட்டும் சொன்னால் ஆர் சின்னது. கானாடுகாத்தானில் உள்ள செட்டிநாடு பேலஸுக்கும் இதே கணக்கு: முழுப்பெயரில் பேலஸ் பெரிய எழுத்து, 'அந்த பேலஸ்' என்னும்போது சின்ன எழுத்து. அழகப்பா யுனிவர்சிட்டி, சிவகங்கை டிஸ்ட்ரிக்ட், பிள்ளையார்பட்டி கற்பக விநாயகர் டெம்பிள் எல்லாம் இப்படியே. தமிழ்நாடு ஆங்கிலத்தில் இரண்டு சொல். இரண்டுக்கும் முதலெழுத்து பெரிது.

திசைகளில் நிறையப் பேர் சறுக்குகிறார்கள். தேவகோட்டை காரைக்குடிக்குத் தெற்கே இருக்கிறது என்று எழுதும்போது சவுத் சின்ன எழுத்து, அது வெறும் திசை. சவுத் இந்தியா என்றால் பெரிய எழுத்து, அது ஒரு நிலப்பரப்பின் பெயர்.

கிழமைகளும் மாதங்களும் பெயர்கள். மண்டேயும் ஜனவரியும் போலவே தை, மாசி, பங்குனி என்று நம் மாதங்களை ஆங்கிலத்தில் எழுதும்போதும் பெரிய எழுத்துதான். பொங்கல், தீபாவளி, பிள்ளையார் நோன்பு ஆகியவையும் அப்படியே. ஆனால் சம்மர், வின்டர் என்ற பருவங்களுக்குச் சின்ன எழுத்து. மொழிகளுக்கும் இனங்களுக்கும் எப்போதும் பெரிது: தமிழ், இங்கிலிஷ், நகரத்தார் (செட்டிநாட்டுச் செட்டியார்கள்). பாடங்களில் தமிழும் இங்கிலிஷும் பெரிய எழுத்தில் வரும், பிசிக்ஸும் கெமிஸ்ட்ரியும் வாக்கிய நடுவில் சின்ன எழுத்தில் வரும். இங்கிலிஷ் டீச்சர் என்றால் இ மட்டும் பெரிது.

உறவுமுறைச் சொற்களில் கேள்வி கொஞ்சம் நுட்பமாகிறது. 'மை ஆச்சி' என்றால் என் ஆச்சி; உறவைச் சொல்கிறது, சின்ன ஏ. மை இல்லாமல் 'ஐ ஆஸ்க்ட் ஆச்சி' என்றால் ஆச்சி என்பதே அவருடைய பெயராக நிற்கிறது, பெரிய ஏ. அந்த இடத்தில் உமையாள் என்று போட்டுப் பாருங்கள். வாக்கியம் சரியாக நின்றால் பெரிய எழுத்து. 'மை உமையாள்' என்று இடறினால் சின்ன எழுத்து. பதவிகளுக்கும் இந்தச் சோதனை உதவும். ராஜா சர் அண்ணாமலைச் செட்டியார் என்று பெயருக்கு முன்னால் வரும் பட்டங்கள் பெரிய எழுத்தில் தொடங்கும். பெயரே வராமல் பொதுவாக ஒரு ராஜா என்றால் சின்ன எழுத்து.

வாக்கியத் தொடக்கமும் 'ஐ'யும்

இவை எளிது. வாக்கியத்தின் முதல் எழுத்து பெரிது. முற்றுப்புள்ளி, கேள்விக்குறி, ஆச்சரியக்குறி இவற்றுக்குப் பிறகு மறுபடி பெரிது. கமாவுக்கும் அரைப்புள்ளிக்கும் பிறகு சின்னது. ஒருவர் சொன்னதை அப்படியே மேற்கோள் குறிக்குள் எழுதினால், குறிக்குள் தொடங்கும் முதல் எழுத்து, வாக்கிய நடுவில் வந்தாலும் பெரிது. 'நான்' என்ற பொருளில் வரும் ஐ எங்கே வந்தாலும் பெரிது. இதற்கு விதிவிலக்கு இல்லை. ஆனால் மீ, மை, வீ போன்றவற்றுக்கு இந்தச் சலுகை கிடையாது. வாக்கியத் தொடக்கத்தில் மட்டுமே அவை பெரிதாகும்.

இனிஷியல்: இந்த மண்ணின் தனிக்கணக்கு

மற்ற ஊர்களில் அப்பா பெயரின் முதலெழுத்து ஒன்றைப் போட்டால் இனிஷியல் முடிந்தது. நகரத்தார் வழக்கம் அப்படி இல்லை. ராமநாதன் மகன் 'ராம.' போடுகிறார், பழனியப்பன் மகன் 'பழ.' போடுகிறார், சிதம்பரம் மகன் 'சித.' போடுகிறார். ஒரே எழுத்தாக ஆர் போட்டால் ராமநாதனா ரங்கநாதனா என்று தெரியாது. தாத்தா பெயர் பேரனுக்கு வருகிற குடும்பங்களில் ஒரே பெயரில் பலர் இருப்பார்கள். இனிஷியலை வைத்துத்தான் ஆளை அடையாளம் காண முடியும். ஆங்கிலத்தில் எழுதும்போது இந்த ஓர் இனிஷியல் இரண்டு எழுத்துகளாக ஆகிறது: ராம. என்பது ஆர்-எம், சித. என்பது சி-டி, அழ. என்பது ஏ-எல். வள்ளல் அழகப்பச் செட்டியாரின் இனிஷியல் கே-வி-ஏஎல்-ஆர்எம். அதில் கடைசியில் நிற்கும் ஆர்எம், அவருடைய தந்தை ராமநாதன் செட்டியார். இரண்டு எழுத்தானாலும் ஓர் ஆள்.

இங்கே நடக்கும் பெரிய தவறு புள்ளியில். ஆர்எம் இரண்டையும் சேர்த்து எழுதி, கடைசியில் ஒரு புள்ளி வைக்க வேண்டும். ஆருக்கு ஒரு புள்ளி, எம்முக்கு ஒரு புள்ளி என்று பிரித்தால் அது ராமநாதன் இல்லை. ஆரில் தொடங்கும் ஒருவர், எம்மில் தொடங்கும் இன்னொருவர் என இரண்டு தலைமுறை ஆகிவிடுகிறது. விண்ணப்பத்தைத் தட்டச்சு செய்பவர் பழக்கத்தால் பிரித்துவிடுவார். கொடுக்கும்போதே 'சேர்த்து, ஒரே புள்ளி' என்று சொல்லிவிடுங்கள்.

இரண்டாவது கேள்வி: இரண்டு எழுத்தும் பெரிதா, முதலெழுத்து மட்டுமா? இரண்டு வழக்கமும் இருக்கின்றன. இந்தியன் ஓவர்சீஸ் வங்கியை நிறுவிய எம். சித. எம். சிதம்பரம் செட்டியாரின் பெயரில், நடுவில் உள்ள சித. ஆங்கிலத்தில் பெரிய சி, சின்ன டி என்றே அச்சாகி வருகிறது. (அந்த வங்கி 1937 பிப்ரவரி 10 அன்று காரைக்குடி, சென்னை, ரங்கூன் மூன்றிலும் ஒரே நாளில் திறக்கப்பட்டது.) பெரியது ஒன்று சின்னது ஒன்று என்று எழுதினால், இரண்டும் சேர்ந்து ஒரு பெயர் என்பது பார்த்ததும் தெரிகிறது, அந்த வகையில் இது நல்ல முறை. இரண்டும் பெரிதாக எழுதுவது படிவங்களுக்கு வசதி. எங்கள் பரிந்துரை இது: வீட்டில் ஏற்கெனவே ஒரு முறை அச்சுப்பத்திரிகைகளிலும் பத்திரங்களிலும் நிலைத்திருந்தால் அதையே தொடருங்கள். புதிதாகத் தொடங்குகிறவர்கள் இரண்டையும் பெரிதாக எழுதுங்கள். எதுவானாலும் அண்ணன் ஒரு விதம், தம்பி ஒரு விதம் என்று பிரியாதீர்கள்.

அரசு ஆவணங்களில் வேறொரு சிக்கல் உண்டு. பான் விண்ணப்பத்தில் இனிஷியலை ஏற்கமாட்டார்கள்; விரித்து முழுப்பெயராக எழுத வேண்டும். அங்கே ராமநாதன் என்று முழுதாக எழுதுங்கள். பெரிய எழுத்து சின்ன எழுத்து வேறுபாட்டால் பெயர் வேறாகிவிடாது. புள்ளியும் இடைவெளியும் இடம் மாறினால்தான் ஒரு ஆவணம் இன்னொன்றோடு பொருந்தாமல் போகும். ஆதாரில் பெயரை வாழ்நாளில் இரண்டு முறைதான் திருத்த முடியும் என்பதால், முதல் திருத்தத்திலேயே எழுத்து எழுத்தாகச் சரிபார்த்துக் கொடுங்கள்.

படிவத்தில் பிளாக் லெட்டர்

'பிளாக் லெட்டரில் நிரப்பவும்' என்றிருந்தால் எல்லா எழுத்தும் பெரிது, ஒன்றோடு ஒன்று ஒட்டாமல் தனித்தனியாக. கட்டம் போட்ட படிவத்தில் ஒரு கட்டத்துக்கு ஓர் எழுத்து. இரண்டு சொற்களுக்கு நடுவே ஒரு கட்டம் காலி. கையெழுத்துப் போடும் இடத்தில் மட்டும் உங்கள் வழக்கமான கையெழுத்து. அதன் கீழே பெயரைப் பிளாக் லெட்டரில் எழுதச் சொல்வார்கள்.

எல்லாம் பெரிய எழுத்தானால் எழுத்தும் எண்ணும் குழம்பும். ஓவும் பூஜ்யமும், ஐயும் ஒன்றும், எஸ்ஸும் ஐந்தும், இசட்டும் இரண்டும், யுவும் வியும் ஒன்றையொன்று ஏமாற்றும். ஐக்கு மேலும் கீழும் குறுக்குக்கோடு போடுங்கள். இசட்டின் மூலைகளைக் கூராக ஒடியுங்கள், இரண்டின் தலையை வளையுங்கள். யுவின் அடி உருண்டையாக, வியின் அடி கூர்மையாக இருக்கட்டும். பிறகும் சந்தேகம் வந்தால் இடத்தை வைத்துக் கண்டுபிடிக்கலாம். பான் எண்ணில் 10 குறிகள்: முதல் ஐந்து எழுத்து, அடுத்த நான்கு எண், கடைசி ஒன்று எழுத்து. வங்கிக் கிளையைக் குறிக்கும் ஐஎஃப்எஸ்சியில் 11 குறிகள்: முதல் நான்கு வங்கியின் எழுத்துகள், ஐந்தாவது எப்போதும் பூஜ்யம். ஐந்தாம் இடத்தில் ஓ எழுதிப் பணம் போகவில்லை என்று திரும்பி வருகிறவர்கள் நிறையப் பேர்.

கடிதம்

பெறுநர் முகவரியில் 'தி மேனேஜர்' என்றால் இரண்டு சொல்லுக்கும் பெரிய எழுத்து. கடிதத்தின் உள்ளே 'மேனேஜரைப் பார்த்தேன்' என்று எழுதும்போது சின்னது. 'டியர் சர்' என்பதில் இரண்டும் பெரிது. கடிதத்தின் நடுவில் 'யெஸ், சர்' என்று வந்தால் சர் சின்னது. டியர் சர் என்பதற்குப் பிறகு கமா வந்தாலும், அடுத்த வரியின் முதலெழுத்து பெரிதுதான். முடிவில் 'யுவர்ஸ் ஃபெய்த்ஃபுல்லி': ஒய் பெரிது, எஃப் சின்னது. இந்த எஃப்பைப் பெரிதாக எழுதுவது பரவலான தவறு. பொருள் வரியில் முதல் சொல்லையும் பெயர்களையும் தவிர மற்றவை சின்னதாக இருக்கட்டும்.

முக்கியம் என்று தோன்றும் சொல்லையெல்லாம் பெரிய எழுத்தில் தொடங்கும் பழக்கம் நம் அறிவிப்புப் பலகைகளில் நிறைய. அவசரம், இலவசம், தயவுசெய்து என்ற பொருளுள்ள சொற்கள் வாக்கிய நடுவில் தலைதூக்கி நிற்கும். படிப்பவர் அவற்றை யாருடைய பெயரோ என்று ஒரு கணம் தேடுவார். அழுத்தம் வேண்டுமானால் அடிக்கோடு போடுங்கள். வாட்ஸ்அப்பில் முழுச் செய்தியையும் பெரிய எழுத்தில் அனுப்பினால் எதிரில் இருப்பவருக்கு அது கத்துவதுபோல் கேட்கும்.

தலைப்பு, மெனு, பலகை

விருந்தினருக்கு அறை விடும் வீடுகளிலும் உணவகங்களிலும் இப்போது ஆங்கிலப் பலகை தேவைப்படுகிறது. இரண்டு முறைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அதையே எல்லாப் பலகைக்கும் வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று, வாக்கியம்போல எழுதுவது: முதல் சொல்லும் பெயர்களும் மட்டும் பெரிது. மற்றது, தலைப்புமுறை: முக்கியச் சொற்கள் எல்லாம் பெரிய எழுத்தில் தொடங்கும், எ, ஆன் (ஏ-என்), தி, அண்ட், ஆர் (ஓ-ஆர்), ஆஃப், இன், ஆன் (ஓ-என்), டு, ஃபார் போன்ற சின்னச் சொற்கள் நடுவில் வந்தால் சின்னதாகவே இருக்கும். முதல் சொல்லும் கடைசிச் சொல்லும் எதுவானாலும் பெரிது. 'ஹவ் டு ரீச் பிள்ளையார்பட்டி' என்பதில் எச், ஆர், பி பெரிது; டு சின்னது. இஸ், ஆர் (ஏ-ஆர்-இ) ஆகிய வினைச்சொற்கள் உருவத்தில் சிறியவை என்பதால் பலரும் சின்ன எழுத்தில் விட்டுவிடுகிறார்கள். அவை வினைகள், தலைப்பில் பெரிய எழுத்துக்கு உரியவை.

மெனு கார்டில் தலைப்புமுறை அழகாக இருக்கும். அங்கே செட்டிநாட் சிக்கனின் இரண்டு சியும் பெரிதாகலாம். அதே பெயர் விளக்கப் பத்தியில் வரும்போது சிக்கன் சின்ன எழுத்துக்குத் திரும்ப வேண்டும்.

நிறுவனப் பெயரைச் சுருக்கும்போது எல்லாம் பெரிது. காரைக்குடியில் உள்ள மத்திய மின்வேதியியல் ஆய்வகத்தின் சுருக்கம் சி-இ-சி-ஆர்-ஐ. அதை விரித்து எழுதும்போது பலர் எலெக்ட்ரோ, கெமிக்கல் என்று பிரித்து இரண்டுக்கும் பெரிய எழுத்து போடுகிறார்கள். எலெக்ட்ரோகெமிக்கல் ஒரே சொல். இ பெரிது, நடுவில் வரும் சி சின்னது. சுருக்கத்தில்தான் அந்த சி தலையெடுக்கிறது.

அளவு மாறினால் பொருளே மாறும் இடங்கள்

பெயர்களில் தவறினால் படிப்பவர் சமாளித்துக்கொள்வார். சில இடங்களில் சமாளிக்க முடியாது. ஆங்கிலச் சமையல் குறிப்புகள் சிலவற்றில் பெரிய டி என்றால் டேபிள்ஸ்பூன், சின்ன டி என்றால் டீஸ்பூன். ஒரு டேபிள்ஸ்பூன் என்பது மூன்று டீஸ்பூன், அதாவது 15 மில்லி. மிளகுக் கோழிக்குக் குறிப்பு எழுதும்போது ஒரு சின்ன டியைப் பெரிதாக்கினால் மிளகு மூன்று மடங்காகும். சுருக்காமல் முழுச்சொல்லாக எழுதிவிடுவதே நல்லது.

வேதியியலில் பெரிய சி, சின்ன ஓ என்றால் கோபால்ட் என்ற உலோகம். இரண்டும் பெரிது என்றால் கார்பன் மோனாக்சைடு, நச்சு வாயு. எடைக்குக் கேஜி: இரண்டு எழுத்தும் சின்னது, கடைப்பலகைகளில் பெரிய கே போடுவது தவறு. கிலோமீட்டரும் அப்படியே. மின்சாரக் கட்டணச் சீட்டில் யூனிட்டைக் குறிக்கும் கிலோவாட்-மணியில் கே சின்னது, டபிள்யூ பெரிது, எச் சின்னது. ரூபாய்க்கு ஆர் பெரிது, எஸ் சின்னது. பிஎச்டி பட்டத்தில் நடு எச் மட்டும் சின்னது.

போனிலும் கம்ப்யூட்டரிலும்

போனில் ஷிஃப்ட் அம்பை ஒரு தடவை தட்டினால் அடுத்த ஓர் எழுத்து மட்டும் பெரிது; இரண்டு தடவை வேகமாகத் தட்டினால் நிறுத்தும் வரை எல்லாம் பெரிது. வாக்கியத் தொடக்கத்தைப் போன் தானே பெரிதாக்க வேண்டுமானால், ஜிபோர்டில் செட்டிங்ஸ், டெக்ஸ்ட் கரெக்‌ஷன், ஆட்டோ கேப்பிட்டலைசேஷன். ஐபோனில் செட்டிங்ஸ், ஜெனரல், கீபோர்டு, ஆட்டோ கேப்பிட்டலைசேஷன். இந்த வசதிக்கு வாக்கியத்தை முடிக்கும் குறிகள் மட்டும்தான் தெரியும். 'அப்ராக்ஸ்' போன்ற சுருக்கத்துக்குப் பின் புள்ளி வைத்தாலும் வாக்கியம் முடிந்ததென்று எண்ணி அடுத்த சொல்லைப் பெரிதாக்கும்; வாக்கிய நடுவில் வரும் கண்டனூரையோ நாச்சியாபுரத்தையோ ஊர் என்று அறியாமல் சின்னதாகவே விடும். அடிக்கடி எழுதும் ஊர்ப்பெயர்களைப் பெரிய எழுத்தோடு கீபோர்டின் பெர்சனல் டிக்‌ஷனரியில் சேர்த்துவிட்டால் பிறகு தானாக எடுத்துக் கொடுக்கும்.

பாஸ்வேர்டில் பெரியதும் சின்னதும் வெவ்வேறு எழுத்துகள். சரியான பாஸ்வேர்டு ஏற்கப்படவில்லை என்றால் முதலில் கேப்ஸ் லாக் விளக்கைப் பாருங்கள். ஈமெயில் முகவரியை முழுதும் சின்ன எழுத்தில் கொடுப்பதே வழக்கம்.

வேர்டில் தவறாக அடித்த வரியை அழிக்க வேண்டாம். வரியைத் தேர்ந்தெடுத்து ஷிஃப்டோடு எஃப்3 அழுத்தினால் எல்லாம் சின்னது, எல்லாம் பெரிது, முதலெழுத்து பெரிது என்று மாறிக்கொண்டே வரும். இனிஷியல்காரர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: தொடக்கத்தில் இரண்டு பெரிய எழுத்தும் பிறகு சின்ன எழுத்தும் வந்தால் வேர்டு அதைத் தவறென்று எண்ணி இரண்டாவதைச் சின்னதாக்கிவிடும். உங்கள் இனிஷியல் அப்படிப்பட்டதானால் ஆட்டோகரெக்ட் ஆப்ஷன்ஸில் எக்ஸெப்ஷன்ஸ் பட்டியலில் அதைச் சேர்த்துவிடுங்கள்.

எக்செல்லில் கல்யாண அழைப்புப் பட்டியல் தயாரிப்பவர்களுக்கு: பிராப்பர் என்ற ஃபார்முலா பெயர்களின் முதலெழுத்தைப் பெரிதாக்கும். ஆனால் அது ஆர்எம்மில் எம்மைச் சின்னதாக்கிவிடும். மேற்காற்புள்ளிக்குப் (அபாஸ்ட்ரஃபி) பின் வரும் எஸ்ஸைத் தேவையில்லாமல் பெரிதாக்கும். இதற்கு வழி, இனிஷியலை ஏ பத்தியிலும் பெயரைப் பி பத்தியிலும் தனித்தனியாக வைப்பது. பி பத்திக்கு மட்டும் பிராப்பர் போடுங்கள். ஏ பத்தியைக் கையால் சரிபாருங்கள். பிறகு ஆம்பர்சாண்ட் குறியால் இரண்டையும் ஓர் இடைவெளியோடு இணையுங்கள். நானூறு பெயர் இருந்தாலும் சரிபார்க்க வேண்டியது சின்ன இனிஷியல் பத்தி ஒன்றைத்தான்.

எழுதி முடித்தபின்

ஒரே பார்வையில் எல்லாப் பிழையும் தெரியாது. மூன்று முறை போங்கள். முதல் முறை முற்றுப்புள்ளிகளை மட்டும் தேடி, ஒவ்வொன்றுக்கும் அடுத்த எழுத்தைப் பாருங்கள். இரண்டாம் முறை பெயர்களை மட்டும்: ஆள், ஊர், மாதம், மொழி. மூன்றாம் முறை கடைசிச் சொல்லில் தொடங்கிப் பின்னோக்கி வந்து, பெரிய எழுத்தில் நிற்கும் ஒவ்வொரு சொல்லையும் 'நீ எதற்கு இங்கே பெரிதாக நிற்கிறாய்?' என்று கேளுங்கள். பதில் கிடைக்காததைச் சின்னதாக்குங்கள். புதிதாகப் பழகுகிறவர்களுக்கு அதிகப் பலன் தருவது இந்த மூன்றாம் முறைதான்.

இப்போது இதை முழுதும் சின்ன எழுத்தில் நோட்டில் எழுதி, பிறகு திருத்துங்கள்: 'லாஸ்ட் தை பூசம், மை ஆச்சி அண்ட் ஐ வாக்ட் வித் தி காவடீஸ் ஃப்ரம் குன்றக்குடி டு பழனி. ஷி செட், "தி ரோட் இஸ் லாங், பட் முருகன் இஸ் வித் அஸ்."' தை, பூசம் இரண்டையும் தனிச்சொல்லாக எழுதுங்கள்.

பெரிதாக வேண்டியவை ஒன்பது: லாஸ்ட், தை, பூசம், ஐ, குன்றக்குடி, பழனி, ஷி, மேற்கோளுக்குள் வரும் தி, முருகன். உங்களுக்குப் பத்து வந்திருந்தால் ஆச்சியைப் பெரிதாக்கியிருப்பீர்கள்; முன்னால் 'மை' நிற்கிறது, பாருங்கள். எட்டு வந்திருந்தால் மேற்கோளுக்குள் உள்ள தியை விட்டிருப்பீர்கள்.